உறைந்த டார்ட்டியாவும் பினாங்குக் காற்றும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை பதிப்பின் சமையல் பக்கத்தில், ஓரமாகக் கட்டம் போட்டு ஒரு குறிப்பு வந்திருந்தது. வீட்டில் சுட்ட டார்ட்டியாவை, அதாவது சப்பாத்தி மாதிரி இருக்கிற மெக்சிகோ ரொட்டியை, ஐஸ்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் ஒரு வாரம் மெத்தென்று இருக்குமாம், மேலே பிரீசரில் வைத்தால் ரப்பராகிவிடுமாம், தவறி வைத்துவிட்டால் எடுத்துத் தட்டில் பரப்பிவைத்து, குளிர் போனபிறகு சூடாக்க வேண்டுமாம். இதை என் மனைவி கத்தரித்து ஐஸ்பெட்டிக் கதவிலேயே காந்தம் வைத்து மாட்டிவிட்டாள், அதுவும் சரியாக என் கண் மட்டத்துக்கு. எங்கள் வீட்டில் இந்த விஷயத்துக்காக ஆறு மாதமாகப் பேச்சு நடக்கிறது. இப்போது பத்திரிகையும் அவள் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் சமையல்காரன் இல்லை. பினாங்கில் பட்டர்வொர்த், பிறை வட்டாரத்தில் 27 வருடமாக ஐஸ்பெட்டியும் ஏர்கோனும் பழுது பார்க்கிறவன். எத்தனையோ வீட்டுப் பிரீசரைத் திறந்து காலி செய்துதான் வேலையை ஆரம்பிப்பேன், அதனால் நம் சனங்கள் உள்ளே எதை எப்படித் திணித்து வைத்திருக்கிறார்கள் என்று நன்றாகவே தெரியும். தைப்பூசத்துக்கு வாங்கின தேங்காயைத் துருவி வைத்தது தீபாவளிக்கும் இருக்கும், அதன் அடியில் பெயர் தெரியாத ஏதோ ஒரு மீன் இருக்கும்.

டார்ட்டியா எங்கள் வீட்டுக்குள் வந்தது மகளால். பொட்டலத்தில் இருக்கிற எழுத்தைப் பார்த்து நான் டார்ட்டில்லா என்றேன், அவள் "டார்ட்டியாப்பா" என்று திருத்தினாள், கடையில் எல்லாரும் சொல்வதோ ராப் (wrap). பையன்கள் இரண்டு பேருக்கும் பள்ளி ஓய்வு நேரத்துக்குக் கட்டிக்கொடுக்க வசதி, சாம்பாரும் ஒழுகாது, கையும் பிசுபிசுக்காது. ஆனால் ஒரு பொட்டலம் வாங்குகிற காசுக்கு இரண்டு கிலோ கோதுமை மாவு வாங்கிவிடலாம். அதனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து மொத்தமாகச் சுட்டுவிடுவது என்று முடிவாயிற்று. செய்முறை நம் சப்பாத்திக்குப் பக்கத்து வீடுதான், ஆட்டா மாவுக்குப் பதில் வெள்ளை மாவு, எண்ணெய் கொஞ்சம் தாராளமாக, வெந்நீர், உப்பு. அவ்வளவுதான். முதல் வாரம் முப்பது சுட்டார்கள். சுடச்சுட ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரே பிளாஸ்டிக் பையில் போட்டு, முடிச்சுப் போட்டு, மேலே தள்ளிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரை மணிக்கு என்னை எழுப்பி, திருப்புளி எங்கே என்று கேட்டார்கள். முப்பதும் ஒட்டி ஒரே பலகையாகியிருந்தது. நெம்பி எடுத்ததில் முழுசாக வந்தது நாலு.

அன்றைக்கே வீட்டில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது: பிரீசரில் வைத்தால் கெட்டுப்போகும். நான் அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன், பிரீசர் பாவம், அதன்மேல் பழி போடாதீர்கள் என்று. சூடாகக் கட்டினால் ஆவி எங்கே போகும்? பைக்குள்ளேயே தண்ணீராக இறங்கி இரண்டு டார்ட்டியாவுக்கு நடுவில் நிற்கும், அந்தத் தண்ணீர்தான் பசை மாதிரி உறைந்து இரண்டையும் பிடித்துக்கொள்கிறது. சூட்டோடு உள்ளே போன பொருள் பக்கத்தில் இருக்கிற கோழியையும் லேசாக இளக வைக்கும், கம்ப்ரெசரும் நிற்காமல் ஓடும், அது வேறு.

சரி, குறிப்பின் முதல் வரிக்கு வருகிறேன். கீழ்த்தட்டில் வைத்தால் மெத்தென்று இருக்கும் என்பது நேர் தலைகீழ். நேற்று வடித்த சோற்றை ஐஸ்பெட்டியில் வைத்துக் காலையில் எடுத்துப் பாருங்கள், ஒவ்வொரு பருக்கையும் விறைத்துக்கொண்டு நிற்கும். நாசி கோரெங், அதாவது வறுத்த சோறு, போடுகிறவர்கள் அந்த விறைப்புக்காகவே பழைய சோறு கேட்பார்கள். அதே வேலைதான் டார்ட்டியாவிலும் நடக்கிறது. வேகும்போது மாவுச்சத்து தண்ணீரைக் குடித்து இளகிப்போகிறது, ஆறினபிறகு அது மெதுவாகத் திரும்பவும் வரிசை கட்டி இறுகிக்கொள்கிறது. இந்த இறுக்கம் எல்லாக் குளிரிலும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. நாலு டிகிரி பக்கம், அதாவது நல்ல நிலையில் ஓடுகிற ஐஸ்பெட்டியின் கீழ்த்தட்டில் எவ்வளவு குளிரோ அந்தக் குளிரில்தான் மிக வேகம். மைனஸ் 18க்குப் போய்விட்டால் கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. ஆக, கீழே வைத்த டார்ட்டியா மூன்றாம் நாள் மடித்தால் வெடிக்கும், மேலே வைத்தது மூன்று வாரம் கழித்தும் அன்றைக்குச் சுட்டது மாதிரி இருக்கும். பூஞ்சை பிடிக்காமல் இருக்கக் கீழ்த்தட்டு உதவும், அதை மறுக்கவில்லை. வெளியே மேசைமேல் வைத்தால் நம் ஊர் வெக்கையில் இரண்டு நாளில் பச்சைப் புள்ளி வந்துவிடும். ஆனால் பூஞ்சை இல்லை என்பதும் மெத்தென்று இருப்பதும் ஒன்றா?

கடையில் வாங்கும் பொட்டலம் வாரக்கணக்கில் வெளியே இருந்தும் வளைகிறதே என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். பொட்டலத்தைத் திருப்பிப் படிக்கச் சொன்னேன். பூஞ்சையைத் தடுக்கக் கால்சியம் புரோப்பியோனேட், பொட்டாசியம் சோர்பேட் வகைகள், மாவை இளக்கமாக வைக்க இன்னும் சில. நாம் வீட்டில் போடுவது உப்பும் எண்ணெயும். கடைப் பொட்டலத்தின் சட்டம் வீட்டு டார்ட்டியாவுக்குச் செல்லாது.

இங்கே என் தொழில் பேச்சைக் கொஞ்சம் பேசிவிடுகிறேன், யாரும் சொல்லாத விஷயம் இது. எல்லாப் பிரீசரும் பிரீசர் இல்லை. ஐஸ்பெட்டியின் மேல் கதவிலோ உள்ளே ஒட்டியிருக்கிற தாளிலோ நட்சத்திரக் குறி இருக்கும். மின்சாரச் சிக்கனத்துக்கு ஒட்டுகிற நட்சத்திரம் வேறு, அதைச் சொல்லவில்லை. ஒரு நட்சத்திரம் என்றால் மைனஸ் 6, இரண்டு என்றால் மைனஸ் 12, மூன்று என்றால் மைனஸ் 18. மூன்றோடு பெரிய நட்சத்திரம் ஒன்று சேர்ந்து நாலு இருந்தால், புதிதாக உள்ளே வைக்கிற பொருளைச் சட்டென்று உறையவைக்கிற பலமும் அதற்கு உண்டு. பழைய ஒற்றைக்கதவு ஐஸ்பெட்டிக்குள் சின்னதாக ஒரு பெட்டி இருக்குமே, ஐஸ் கட்டி போட, அதில் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான். அதில் வைத்துவிட்டு மாதக்கணக்கில் இருக்கும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான், ஒரு வாரத்தில் தீர்த்துவிடுங்கள். பாயான் பாருவில் ஒரு அக்கா, "ஏண்ணே, எனக்கு மட்டும் சப்பாத்தி கல்லாகுது?" என்று கேட்டார். கதவு ரப்பரில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டு வந்தது. அந்த இடைவெளி வழியே ஈரக்காற்று உள்ளே போய்க்கொண்டே இருந்திருக்கிறது. சப்பாத்தி கல்லானதற்கு மாவு ஒரு காரணமே இல்லை, அந்தக் கதவு ரப்பரை (கேஸ்கெட்) மாற்றினதும் சரியாயிற்று.

இப்போதைய ஐஸ்பெட்டிகள் தானே பனியைக் கரைத்துக்கொள்ளும். அதற்காக உள்ளே ஒரு சூடேற்றி இருக்கிறது, கொஞ்ச மணி நேரத்துக்கு ஒருமுறை குளிர்விக்கும் குழாயை (காயில்) சூடாக்கிப் பனியை இறக்கும். நமக்குச் சுத்தம் செய்கிற வேலை மிச்சம், ஆனால் உள்ளே வெப்பம் ஏறி இறங்குகிறது. மெல்லிய பொருளுக்கு இது ஆகாது. பையில் காற்று இருந்தால் டார்ட்டியாவில் இருக்கிற பனி நேராக ஆவியாகிப் பையின் உள்பக்கம் போய்ப் படியும், டார்ட்டியாவின் ஓரம் வெளுத்து அட்டை மாதிரி ஆகும். அதனால் கதவுத் தட்டில் வைக்காதீர்கள், ஆழமாகப் பின்பக்கம் வையுங்கள், பையில் காற்றே இல்லாமல் பாருங்கள். காற்றை எடுக்க ஒரு வழி: ஜிப் பையின் வாயை மட்டும் மேலே விட்டு மெதுவாக ஒரு பேசின் தண்ணீரில் அமிழ்த்துங்கள், தண்ணீர் நெருக்கிக் காற்றை மேலே தள்ளிவிடும், அப்படியே ஜிப்பை மூடி ஈரத்தைத் துடைத்துவிடலாம். மகள் ஸ்ட்ரா வைத்து உறிஞ்சுகிறாள், அதுவும் நடக்கும், ஆனால் பார்க்க நன்றாக இல்லை.

எங்கள் வீட்டில் இப்போது நடக்கிற முறை இது. சுட்டு எடுத்ததும் துணியில் சுற்றிப் பத்து நிமிடம், அப்போதுதான் தன் ஆவியில் தானே இளகும். பிறகு முறத்தில் தனித்தனியாகப் பரப்பி மேலே மெல்லிய துணி. காற்றாடி போடக்கூடாது, ஓரம் காய்ந்துவிடும். கைக்குச் சூடு தெரியாத நிலை வந்ததும் கட்டிவிட வேண்டும், நம் வெக்கையில் மணிக்கணக்காக வெளியே கிடக்கவிடக்கூடாது. ஒன்றுக்கும் ஒன்றுக்கும் நடுவில் பேக்கிங் தாள், ஒரு பைக்கு நாலே நாலு. மொத்தமாக இருபது அடுக்கினால் நடுவில் இருப்பது உறைய வெகுநேரம் ஆகும், மெதுவாக உறைகிற தண்ணீர் பெரிய பெரிய பனிக்கட்டியாக வளர்ந்து உள்ளே கிழித்துவிடும், இளகும்போது பொடிப்பொடியாக உதிர்வது அதனால்தான். தட்டையாகப் படுக்கவைத்து உறைந்தபிறகு, நிற்கவைத்துக்கொள்ளலாம், புத்தகம் மாதிரி. தேதி எழுதுங்கள். நான் எழுதச் சொன்னால் சிரிக்கிறார்கள், எங்கள் வீட்டில் இரண்டு மாதம் தாண்டி எதுவும் மிஞ்சுவதில்லை என்பது உண்மைதான்.

அப்புறம் இளக்குவது. உங்கள் குறிப்பில் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது இந்த இடத்தில்தான். தட்டில் பரப்பி வைக்க வேண்டுமாம். இதை எழுதியவர் வறண்ட குளிர்நாட்டுச் சமையல் காணொளி ஒன்றைப் பார்த்து எழுதியிருக்க வேண்டும், அங்கே அது நடக்கும். இங்கே ஒட்டுக்கடையில் தே ஓ ஐஸ் (பால் இல்லாத ஐஸ் தேநீர்) வாங்கி மேசையில் வையுங்கள், இரண்டு நிமிடத்தில் குவளைக்கு வெளியே தண்ணீர் வழிந்து மேசை நனையும். அந்தத் தண்ணீர் குவளைக்குள்ளிருந்து கசியவில்லை, காற்றிலிருந்து வந்தது. பினாங்கில் பெரும்பாலான நாட்களில் 24 டிகிரிக்குக் கீழே இருக்கிற எந்தப் பொருளின்மேலும் காற்றில் இருக்கிற ஈரம் வந்து படிந்துவிடும். மைனஸ் 18இல் இருந்து வருகிற டார்ட்டியாவைத் தட்டில் விரித்து வைத்தால், அது வெளியே வைத்த குவளைதான். இரண்டு பக்கமும் நனைந்து, மேல்தோல் வழுவழுப்பாகி, தாளோடு ஒட்டிக்கொண்டு உரிந்து வரும். பிறகு அதைக் கல்லில் போட்டால் அந்தத் தண்ணீர் வற்றுவதற்குள் டார்ட்டியா காய்ந்துவிடும். ரப்பர் என்று குறிப்பில் எழுதியது இதைத்தான்.

வழி ரொம்பச் சுலபம். பையைத் திறக்காதீர்கள். மூடினபடியே மேசைமேல் வையுங்கள். வியர்வை பைக்கு வெளியே படியும், உள்ளே இருப்பது நனையாமலே இளகும். கடிகாரமும் பார்க்க வேண்டாம். பைக்கு வெளியே படிந்த தண்ணீர் தானாகக் காயத் தொடங்கினால் உள்ளே இருப்பது அறை வெப்பத்துக்குக் கிட்டே வந்துவிட்டது என்று அர்த்தம், அப்போது திறக்கலாம். நாலு டார்ட்டியா உள்ள பைக்கு எங்கள் வீட்டில் அரைமணி முக்கால்மணி ஆகிறது. பிரீசரிலிருந்து சாமான் எடுத்து ஏர்கோன் அறையில் வைக்கிறவர்களுக்குக் கொஞ்சம் வித்தியாசப்படும். காலையில் அவசரம் என்றால் இரவே மேலிருந்து கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடலாம், ஒரு இரவுக்குக் கீழ்த்தட்டு பெரிய கெடுதல் செய்யாது, நாள்கணக்கில் விட்டால்தான் முன்னே சொன்ன விறைப்பு வரும். இளகியதை மறுபடி உறைய வைக்காதீர்கள், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தண்ணீரை இழக்கும். பைக்கு நாலு என்று நான் அடம்பிடிப்பது அதற்காகவும்தான்.

இளகின பிறகு சூடு காட்டியே ஆக வேண்டும். விறைத்த மாவுச்சத்து 60 டிகிரிக்கு மேலே போனால் திரும்ப இளகும், பழைய சோற்றை ஆவியில் காட்டினால் பூப்போல ஆகிறதே, அதுவேதான். தோசைக்கல் நன்றாகக் காயட்டும், எண்ணெய் வேண்டாம், பக்கத்துக்கு இருபது முப்பது வினாடி, எடுத்ததும் துணிக்குள். மைக்ரோவேவில் வைக்கிறவர்கள் ஈரத்துணி சுற்றி இருபது வினாடிக்குமேல் போகாதீர்கள். அதிகம் வைத்தால் தண்ணீர் எல்லாம் வெளியேறி, ஆறுவதற்குள் செருப்புத்தோல் ஆகிவிடும். ஒன்று மட்டும் வேண்டும், நேரமே இல்லை என்றால், நடுவில் தாள் வைத்திருந்தால் உறைந்தபடியே கல்லில் போடலாம். தீயை அளவாக வைத்து ஒரு மூடி போடுங்கள்.

ஒரு குழப்பத்தையும் சொல்ல வேண்டும். உறைய வைத்த பராட்டா நம் எல்லார் வீட்டிலும் இருக்கிறது, அதை இளக்கவே கூடாது, உறைந்தபடியே கல்லில் போட வேண்டும். அதைப் பார்த்துப் பழகினவர்கள் டார்ட்டியாவும் அப்படித்தான் என்று நினைக்கிறார்கள், இல்லையென்றால் இதை இளக்குவதைப் பார்த்துப் பராட்டாவையும் இளக்கிவிட்டுப் பிசைந்த மாவாக அள்ளுகிறார்கள். பராட்டா வேகாத மாவு. அடுக்குக்கு நடுவில் இருக்கிற கொழுப்பு இளகினால் அடுக்கு போச்சு. டார்ட்டியா ஏற்கெனவே வெந்தது. இரண்டும் வட்டம் என்பதைத் தவிர பிரீசரில் இரண்டுக்கும் உறவு கிடையாது. இரண்டிலும் தாளோ பிளாஸ்டிக்கோ நடுவில் வைக்கிற புத்தி மட்டும் ஒன்று, முதலிலேயே பராட்டாப் பொட்டலத்தைப் பார்த்திருந்தால் எங்களுக்குத் திருப்புளி தேவைப்பட்டிருக்காது.

சோள டார்ட்டியா பற்றி இரண்டு வரி, சிலர் வாங்குகிறார்கள் என்பதால். மெக்சிகோவில் அதுதான் மூத்தது, கோதுமை வடக்கே, ஸ்பானியர்கள் வந்தபிறகு. சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து ஊறவைத்து அரைக்கிறார்கள், வெற்றிலைக்குத் தடவுகிற அதே சுண்ணாம்புதான். என் அம்மாவிடம் சொன்னேன், "அப்ப அவங்களும் நம்ம ஆளுங்கதான்" என்று முடித்துவிட்டார். அதில் கோதுமையின் இழுவை இல்லாததால் குளிர்ந்த நிலையில் மடித்தால் கட்டாயம் உடையும். உறைய வைப்பதும் இளக்குவதும் இதே முறை, ஆனால் கல்லில் போடுமுன் இரண்டு பக்கமும் தண்ணீர் தொட்டுத் தடவிக்கொள்ளுங்கள், சூடு இருக்கும்போதே மடியுங்கள்.

உள்ளே வைக்கிற பூரணத்தோடு சேர்த்து உறைய வைக்கலாமா என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். டின் சார்டினை வெங்காயம், மிளகாய் போட்டு வற்ற வதக்கி வைத்தால் அருமையாக இருக்கும். கோழியும் பரவாயில்லை. வெள்ளரிக்காய், சாலட் இலை வேண்டாம், உறைந்து இளகினால் கூழாகிவிடும். உருளைக்கிழங்கு மணல்மணலாக ஆகும், எங்கள் வீட்டில் அதற்குத் தடை. எப்படியும் உடைந்துபோன டார்ட்டியா மிஞ்சினால் தூக்கிப் போடாதீர்கள். மெக்சிகோக்காரர்கள் பொரித்துக் குழம்பில் புரட்டுகிறார்கள், நமக்குக் கொத்து ரொட்டி இருக்கவே இருக்கிறது. அந்தச் செவ்வாய்க்கிழமை பலகையில் உடைந்த இருபத்தாறும் இரவு முட்டை ஊற்றிக் கொத்தித்தான் தீர்ந்தது, அன்றைக்கு யாரும் பிரீசரைத் திட்டவில்லை.

மின்சாரம் போனால் என்ன செய்வது என்று என்னிடம் கேட்காதவர்களே இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். கதவைத் திறக்காமல் இருந்தால் நிறைந்த பிரீசர் இரண்டு நாள், பாதி நிறைந்தது ஒரு நாள் குளிரைக் காக்கும். இருக்கிறதா பார்ப்போம் என்று அரைமணிக்கொரு தடவை திறந்து பார்க்கிறவர்களால்தான் கெடுகிறது.

ஆசிரியர் அவர்களே, குறை சொல்வதற்காக எழுதவில்லை, ஞாயிறு சமையல் பக்கத்தை எங்கள் வீட்டில் முதலில் எடுப்பதே நான்தான். திருத்தம் போடுவதாக இருந்தால் அதே அளவு கட்டத்தில், அதே ஓரத்தில் போடுங்கள். கத்தரிக்க வசதியாக இருக்கும், காந்தம் ஏற்கெனவே கதவில் இருக்கிறது.

இப்படிக்கு,
ஐஸ்பெட்டி பழுது பார்க்கும் வாசகர்,
பட்டர்வொர்த், பினாங்கு